நோ போட்டோ

வெளிநாட்டுக்காரர்களுக்குத் தாராவியைச் சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. எந்த வீட்டு வாசலிலாவது அவர்கள் போனைத் தூக்கினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "நோ போட்டோ!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவேன்.

இந்தக் கோடையில் முதல்முறையாக நானே ஊர் சுற்றப் போனேன். லக்னோ, அமிர்தசரஸ் என்று பழைய நகரங்களில் ஆற அமரத் திரிந்துவிட்டு, இமயமலையில் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் ஒரு கிராமத்து வீட்டில் பத்து நாள் தங்கினேன்.

திரும்பி வந்ததும் மனைவி முத்துமாரியிடம் சொன்னேன்: "அந்த வீட்டுப் பொம்பள அடுப்படியில ரொட்டி சுட்டுக்கிட்டிருந்தா. என்னையறியாம போனைத் தூக்கிட்டேன். அவ ஏசல. மொகத்துல இருந்த கரியத் தொடச்சிட்டுச் சிரிச்சா."

"பெறவு நீங்க படம் எடுக்கலைல்லா?" என்றாள்.

போனை அவளிடம் நீட்டினேன். பதினேழு படங்கள் இருந்தன.