கேக் மேல் ஒரு ஜெபமாலை

ஜோஸ்லினுக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் செய்த கேக்கை மாமியார் இசபெல்லா ஒரு வாய், ஒரே ஒரு வாய் சாப்பிட வேண்டும். கல்யாணமாகி சூரமங்கலம் வந்த மூன்று வருஷத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பாதிப்பேர் அவள் கேக்கை வெட்டித் தின்றாகிவிட்டது. இசபெல்லா மட்டும் வாயைத் திறக்கவில்லை. முதல் கிறிஸ்துமஸ் அன்றைக்கே சொந்தபந்தம் முன்னால், "ஊட்டுல சுட்டதெல்லாம் ஒரு கேக்கா? நான் தொடமாட்டேன்" என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். ருசி பார்த்துவிட்டுச் சொன்னாளா என்றால் அதுவும் கிடையாது. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றினால் அவளுக்குத் தலையே போய்விடும்.

அக்டோபரில் ஒரு வழி பிறந்தது. அது ஜெபமாலை மாதம். தெருவின் கிறிஸ்தவக் குடும்பங்கள் தினம் ஒரு வீட்டில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். இவர்கள் வீட்டு முறையும் இசபெல்லாவின் அறுபத்தைந்தாவது பிறந்தநாளும் ஒரே நாளில் வந்து விழுந்தன. மாமியாருக்கு மாதாவை விட்டால் வேறு பேச்சே கிடையாது. கேக் மேல் ஜெபமாலையையே வைத்துவிட்டால்? மருமகளுக்காக இல்லாவிட்டாலும் மாதாவுக்காகவாவது வாயைத் திறக்கமாட்டாளா என்று ஜோஸ்லின் யோசித்தாள்.

காலையிலேயே வேலையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபாண்டன்ட் என்பது சர்க்கரைத் தூளில் பிசைந்த மாவுதான், சப்பாத்தி மாவு மாதிரி இழுபடும். அதைக் கிள்ளிக் கிள்ளி உருட்டி, சோளமாவு தூவிய முத்து மோல்டின் குழிகளில் அமுக்கி, மேலே பிதுங்கியதை வழித்தெடுத்து, ஃப்ரீசரில் பத்து நிமிஷம் வைத்தாள். வெளியே எடுத்து மோல்டைப் பின்பக்கமாக வளைத்ததும் முத்துகள் பொலபொலவென்று உதிர்ந்தன. மழை ஈரத்தில் பிசுபிசுத்ததை ஃபேனுக்கடியில் காயவைத்து, தின்னக்கூடிய மினுக்குப் பொடியைப் பிரஷ்ஷால் தடவினாள். அருள் நிறைந்த மரியே சொல்ல ஐம்பத்து மூன்று சின்ன முத்து, பரலோக மந்திரம் சொல்ல ஆறு பெரிய முத்து, முனையில் ஒரு சிலுவை, உடைந்தால் இருக்கட்டும் என்று சின்ன முத்தில் நாலைந்து கூடுதல். சர்க்கரைத் தண்ணீர் தொட்டுக் கேக் மேல் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு வந்தவளை, பத்து முத்துக்கு ஒரு பத்து என்ற கணக்கில் மூன்றாம் பத்தின் நடுவில் கேஸ் சிலிண்டர்காரர் கதவைத் தட்டி எழுப்பினார். சிலிண்டரை வாங்கி வைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து ஒட்டினாள். விட்ட இடம் என்று அவள் நினைத்த இடத்திலிருந்து.

சாயங்காலம் இருபது பேர் கூடினார்கள். கேக்கைப் பார்த்த இசபெல்லா நெஞ்சில் கைவைத்தாள், கண்ணே கலங்கிவிட்டது. காரியம் பலித்துவிட்டது என்று ஜோஸ்லின் ஓடிப்போய்க் கத்தியைக் கொண்டுவந்தாள்.

"ஜெபமாலை மேல கத்தி வெக்கறதா புள்ள?" என்றாள் இசபெல்லா.

கூட்டத்துக்குத் தலைவர் பாக்கியநாதன், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்றவர். முறை தவறி எதையும் செய்யவிடமாட்டார். "ஜெபமாலையை வெட்டித் தின்னதா நம்ம சூரமங்கலத்துல வழக்கமே இல்லீங்க" என்று சிவப்புக் கொடி காட்டிவிட்டார். கேக் கூடத்து மாதா பீடத்துக்குப் போயிற்று. இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். எல்லோரும் அதன் முன்னால் முழங்காலிட்டார்கள். எதிர்வீட்டு சரிதா மட்டும், "எங்கூட்டுல சாமிக்குப் படைச்சா எடுத்துத் திங்கத்தானுங்க செய்வோம்" என்றாள். யார் காதிலும் விழவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லையே என்று ஜோஸ்லினுக்கு அழுகை முட்டியது.

இசபெல்லா ஜெபத்தை நடத்தினாள். தன் ஜெபமாலையை மடியில் போட்டுவிட்டு, கேக் முத்துகள் மேலேயே விரல் வைத்துச் சொல்லிக்கொண்டு போனாள். மூன்றாம் பத்து முடிந்து எல்லோரும் "பிதாவுக்கும்" என்று வாயெடுத்தபோது, அவள் விரல் நகரவில்லை.

"இன்னொண்ணு இருக்குது" என்றாள். "பதினொண்ணு."

ஜெபம் நின்றுபோயிற்று. பாக்கியநாதன் செல்போன் டார்ச்சை அடித்து எண்ணினார், பதினொன்றுதான். அதிகப்படியை எடுத்துவிடலாம் என்று ஏகமனதாக முடிவானது. ஆனால் அதிகப்படி எது? கடைசி முத்து என்றார் ஒருவர். அந்தப் பக்கமிருந்து எண்ணினால் அதுதானே முதல் முத்து என்றார் இன்னொருவர். பதினொன்றும் ஒரே மோல்டில் பிறந்தவை, முகத்தைப் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. கால்மணி நேரம் வாதாடிவிட்டு, பங்குத்தந்தை ஜெரால்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

"நீங்க எதை எடுக்கறீங்களோ அதுதாங்க அதிகம்" என்றார் ஃபாதர்.

"எடுத்து எங்கீங்க ஃபாதர் போடறது? மாதா முன்னாடி வெச்சதக் குப்பையில போட முடியுங்களா?" என்றார் பாக்கியநாதன்.

"வாயில போடுங்க" என்று ஃபாதர் போனை வைத்துவிட்டார்.

யார் வாயில்? பாக்கியநாதனுக்குச் சர்க்கரை வியாதி. "பொறந்த நாள்காரங்க நீங்கதானுங்க" என்று இசபெல்லாவைப் பார்த்தார்.

"நான் இவ கேக்கத் தொடமாட்டேன்னு சொன்னவ."

பாக்கியநாதன் யோசித்தார். "இது அதிகப்படிங்க. கேக் கணக்குல வராதுங்க."

இசபெல்லா கண்ணை மூடிக்கொண்டு ஒரு முத்தைக் கிள்ளி வாயில் போட்டாள். வீடே அவள் தாடையைப் பார்த்தது. தாடை அசைந்தது, அசைந்தது, ஓய்ந்தது. ஒரு வார்த்தை வரவேண்டுமே. "பிதாவுக்கும் சுதனுக்கும்" என்று இசபெல்லா விட்ட இடத்தில் தொடங்கிவிட்டாள். மூன்று வருஷம் காத்துக் கிடந்தது இதற்குத்தானா என்று ஜோஸ்லினுக்குத் தோன்றியது.

நாலாம் பத்து வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. முடிந்ததும் இசபெல்லாவின் விரல் மறுபடியும் நின்றது.

"இதுலயும் பதினொண்ணு இருக்குது" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஜோஸ்லின் முழங்காலிட்ட இடத்திலிருந்தே கண்ணால் எண்ணினாள். பத்து. பாக்கியநாதன் டார்ச்சைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டார்.

"ஆமாங்க அத்தை, என் கையிலதான் தப்பு" என்றாள் ஜோஸ்லின் அவசரமாக. "அஞ்சாம் பத்தையும் நல்லா எண்ணிப் பாருங்க."