நாலேகால் மணிச் சக்கரம்

பதினோரு வருடமாக ஒரு சைக்கிளின் முன்சக்கரம் தினமும் சாயங்காலம் நாலேகாலுக்கு எங்கள் தெரு வழியாகத் தானாக உருண்டு போகிறது. முதல் மாதம் கூட்டம் கூடியது. பிடிக்கப் போனவர்களின் கைக்கு அது நிற்கவில்லை. பிறகு பஸ் டிரைவர்கள் அதற்கு வழிவிடப் பழகிக்கொண்டார்கள். கடிகாரம் ஓடாத வீடுகளில் அதைப் பார்த்துத் தேநீர் போட்டார்கள்.

அது சைக்கிள் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அம்மாவின் மகளுடைய சக்கரம். மகள் நர்ஸ். ஆஸ்பத்திரி வாசலில் சக்கரத்தை மட்டும் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று, நட்டை எடுத்துவிட்டுக் கையாலேயே கழற்றுகிற லீவரை அம்மாதான் மாட்டிக் கொடுத்தாள். மகள் சக்கரத்தைக் கழற்றி வார்டுக்கே தூக்கிக்கொண்டு போய்விடுவாள். வீட்டிலும் அப்படியே கட்டிலுக்கடியில் வைப்பாள். ஒருநாள் மாலை டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. தையல்காரரான அப்பா மெஷினை விட்டு எழுந்து, “நீ சாப்பிடு, நான் மாட்டுறேன்” என்றார். லீவரை மடக்கி அழுத்த வேண்டும். அவர் நட்டை முறுக்குவதுபோல் கை வலிக்க வலிக்க முறுக்கிவிட்டு, மடக்காமல் விட்டார். நாலேகாலுக்கு இறக்கத்தில் சக்கரம் கழன்றது. விழுந்த இடத்திலேயே மகள் போய்விட்டாள். சக்கரம் லீவரோடு ஓடிக்கொண்டே இருந்தது.

லீவர் திறந்து நீட்டிக்கொண்டிருப்பதை அம்மா முதல் நாளே பார்த்துவிட்டாள். கண்ணில் புரை விழுந்த அப்பா தினமும் வாசலில் நின்று கேட்பார்:

“மூடியிருக்கா?”

“மூடித்தான் இருக்கு. நீங்க சரியாத்தான் மாட்டுனீங்க.”

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் எங்கள் தெரு வாயைத் திறக்கவே இல்லை.

வேண்டாம் வேண்டாம் என்றவருக்குப் போன மாதம் ஒருவழியாகக் கண் ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரிப்பதற்கு முந்தின நாள், முழங்கால் வலிக்காரியான அந்த அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தின் கூடவே ஓடினாள். தபால் ஆபீஸ் வரை ஓடினாள். யார் கைக்கும் நிற்காத சக்கரம் அவளுக்காகவும் நிற்கவில்லை. ஆனால் கொஞ்சம் மெதுவாகப் போனது. ஓடியபடியே லீவரை மடக்கி, உள்ளங்கையால் அழுத்திவிட்டாள். பார்த்தவர்கள் அழுதார்கள்.

மறுநாள் அப்பா புதுக்கண்ணோடு வாசலுக்கு வந்தார். சக்கரம் லீவர் மூடியபடி கடந்து போனது. அவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். உள்ளங்கையில் லீவரின் தடம் சிவந்திருந்தது.

“இது நீ மடக்குனது. அன்னைக்கு நான் முறுக்க மட்டுந்தான் செஞ்சேன். மடக்கணும்னு அந்த வாரமே தெரிஞ்சுபோச்சு எனக்கு.”

“அப்புறம் ஏன் தினம் கேட்டீங்க?”

“நீ சொல்றதக் கேக்கத்தான்.”

சக்கரம் இன்னமும் நாலேகாலுக்கு வருகிறது. இருவரும் வாசலில் நிற்கிறார்கள். அவர் இப்போது கேட்பதில்லை. அது தெருமுனையில் திரும்பி மறைந்ததும் உள்ளே போய்த் தேநீர் போடுகிறார்கள்.