மாப்பிள்ளையின் வயிற்றில் புளிப்பு

1

இந்தக் கதை பிறந்தது அக்காவின் கோபத்தில். "ஊர்ல இருக்கிறவங்க கதையெல்லாம் எழுதுற. என் ஆடு மட்டும் உனக்கு ஆகாதா?" என்றாள். ஆடுகளின் செரிமானத்தை ஆராய்பவள் அவள். சரி, தொடங்குகிறேன்:

[பனி விலகாத புல்வெளியில் ஒரு வெள்ளாடு தனியாக...]

வேண்டாம். அக்காவின் ஆடுகள் புல்வெளியைக் கண்டதே இல்லை. சிமெண்டுக் கொட்டகையில் ஆளுக்கொரு கூண்டில் நிற்கின்றன. வெப்ப நாடுகளில் விளையும் முரட்டுப் புல்லை நறுக்கித் தீனி போட ஓர் ஆள் உண்டு; அதில் எவ்வளவு நார் செரிக்கிறது என்று அக்கா பார்க்கிறாள்.

2

அத்தான் பேருந்து ஓட்டுநர். மாலையில் அக்காவை அழைத்துப்போகக் கொட்டகைக்கே வந்துவிடுவார். (இவரை வில்லனாக்கப் பார்த்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை.) வாசலோரக் கிடாவுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தவர் அவர்தான். மாப்பிள்ளைக்கு வெறும் புல்லா என்று மனம் கேட்காமல், மக்காச்சோள மாவை ரகசியமாக ஊட்டிவந்தார்.

3

ஒருநாள் மாப்பிள்ளை தீனியைத் தொடவில்லை. அசைபோடவும் இல்லை. இளகிய புழுக்கையில் புல் நார் அப்படியே கிடந்தது. அக்கா வாய்வழியே குழாய்விட்டு வயிற்று நீரை எடுத்தாள். புளித்த வாடை, அடியில் மஞ்சள் மாவு.

"சோளம் யார் போட்டது?"

அத்தான் கூரையைப் பார்த்தார். "பாவமா இருந்துச்சு, நான்தான்..."

"புல்லைச் செரிக்க வைக்கிறது வயித்துல இருக்கிற கிருமிங்க. மாவு புளிச்சு அமிலம் ஏறினா அதுங்க செத்துடும். அப்புறம் எவ்வளவு புல் தின்னாலும் வீண்."

"எனக்கும்தான் நெஞ்சு எரியுது. யார் கேட்கிறா?"

அக்கா சிரிக்கவில்லை. "இது பிழைக்காம போனாலும் போகும்ங்க."

சமையல் சோடாவைக் கரைத்து அக்கா ஊற்ற, அத்தான் ஆட்டின் தலையைத் தாங்கிப்பிடித்தார். அது மறுபடி அசைபோடும்வரை பேருந்துப் பக்கமே போகவில்லை.

4

ஆடு பிழைத்தது. கதைதான் இழுத்துக்கொண்டு கிடக்கிறது.

சோளம் தின்ற மாப்பிள்ளையை ஆய்விலிருந்து நீக்க அக்கா மேலதிகாரிக்கு எழுத்தில் காரணம் சொல்லவேண்டும். சோளம் போட்டது கணவர் என்றால், வெளியாளை உள்ளே விட்டதற்கு அவள் வேலைக்கே ஆபத்து. யாரோ என்றால், பழி தீனி போடுகிறவர் தலையில் விழும்.

"நீ எழுதுறவன்தானே, ஒரு வரி சொல்லேன்" என்கிறாள்.

[முடிவு ஒன்று: அக்கா உண்மையைச் சொல்ல, மேலதிகாரி...]

[முடிவு இரண்டு: ஆடு தானாகவே கயிற்றை அறுத்துக்கொண்டு...]

இரண்டையும் அடித்துவிட்டேன். எனக்கு அக்காவும் வேண்டும், அத்தானும் வேண்டும். உங்களுக்கு இவர்கள் உறவில்லை. அந்த வரியை நீங்களே எழுதுங்கள். தீனி போடுகிறவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. ஆடு பிழைத்ததே போதும் என்று, பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.