வலது காது

காதின் பின்பக்கம் நகராமல் பூட்டும் மாஸ்க்கைப் போட மறந்துவிட்டாள் தங்கை. திரையில் அண்ணனின் காது மடலை முன்னால் லேசாக அழுத்தியதும் பின்னால் கொப்புளம் மாதிரி புடைத்துக்கொண்டது. ஏழு வருடமாகக் கணினியில் பொம்மை முகங்கள் செதுக்கிச் சம்பாதிப்பவள் செய்கிற தப்பா இது? சுவர் மெல்லியதாக இருந்தால் ஒரு பக்கம் தொட்டாலே மறுபக்கமும் நகரும். மறுபக்கத்தைக் கறுப்புப் பூசிப் பூட்டிவிட்டுத்தான் இந்தப் பக்கம் கை வைக்க வேண்டும். அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள்.

அண்ணன் காலையில் இறந்துபோனான். அடுத்த அறையில் கிடத்தியிருந்தார்கள். அம்மா ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

புற்றுநோய் என்பது அம்மாவுக்குத் தெரியும். வலது காதையே எடுத்துவிட்டார்கள் என்பது தெரியாது. "அம்மா தாங்க மாட்டா, சொல்லிடாத" என்று அண்ணன் சத்தியம் வாங்கியிருந்தான். வீடியோவில் பேசும்போதெல்லாம் குல்லா. "வீட்டுக்குள்ள எதுக்குடா அது?" என்றால், "ஏசி குளிருதும்மா" என்பான்.

தங்கையிடம் மட்டும் கிண்டல். "இனிமே நீ சொல்றதை இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட வழியில்லையே."

செயற்கைக் காது செய்ய, இரண்டு மாதத்துக்கு முன்பே அவனுடைய இடது காதை ஃபோனில் ஸ்கேன் செய்து, வலமாகத் திருப்பி வைத்திருந்தாள். "என்ன அவசரம், மெதுவா பண்ணு" என்றான். அவளும் மெதுவாகத்தான் செய்தாள். ஊரார் கேட்ட பொம்மையெல்லாம் முடிந்தது, இது மட்டும் அப்படியே கிடந்தது. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கணவன் கதவருகே வந்து நின்றான். "அத்தை மூணு மணிக்கு வந்துருவாங்க. 3டி பிரிண்டருக்கே ஒன்றரை மணி நேரம் வேணும். இப்படியே அனுப்பிடேன், காது மாதிரிதானே இருக்கு."

"கடிச்ச தழும்பு இல்லை."

அவன் பிரிண்டரைத் தயார்செய்யப் போனான்.

நாலு வயதில், ஜன்னல் சீட்டுக்காக நடந்த சண்டையில் அவள்தான் அந்த வலது காதைக் கடித்தாள். மடலில் இரண்டு பள்ளம் அப்படியே தங்கிவிட்டது. அண்ணனுக்குத் தலை துவட்டும்போதெல்லாம் அம்மா அந்த இடத்தைத் தடவிப் பார்த்து அவளை முறைப்பாள். இப்போது பழைய புகைப்படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அதே இடத்தில் ஒரு பள்ளம் அழுத்தினாள். பின்பக்கம் அசையவில்லை. இரண்டாவதை அழுத்தும்போது அழுகை வந்துவிட்டது.

அச்சாகி வந்ததைக் கழுவி, நிறம் பூசி ஒட்டினாள். குளிர்ந்த தோலில் பசை சரியாகப் பிடிக்கவில்லை. ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்திருந்தாள். அதற்குள் வாசலில் கார் நின்றது.

அம்மா அழவில்லை. நேராகப் போய் வலது பக்கம் உட்கார்ந்தாள். நெற்றியைத் தடவினாள். முடியை ஒதுக்கினாள். கட்டைவிரல் காது மடலுக்கு இறங்கி, பள்ளத்தில் நின்றது.

அப்போது காதின் மேல்விளிம்பு தோலை விட்டுப் பெயர்ந்தது.

அம்மா யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்துக் காதை முழுவதுமாக மூடிக்கொண்டாள். ஆட்கள் வந்தார்கள், பேசினார்கள், போனார்கள். யாரோ கொடுத்த தண்ணீரை இடது கையால் வாங்கிக் குடித்தாள்.

"அத்தை, கிளம்பணும்," என்றான் மருமகன்.

"தூக்குங்க மாப்பிள்ளை. மெதுவா."

நாலு பேர் தூக்கினார்கள். அம்மாவும் கூடவே எழுந்தாள். வாசல் குறுகல், ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அம்மா கதவுநிலையில் முதுகு உரச, பக்கவாட்டில் நடந்தாள். கையை எடுக்கவில்லை.