இலை கலக்காத வரிசை

அண்ணனின் வீட்டுக் கதவைத் திறந்ததுமே அந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஊறிப்போன சாக்கின் வாடை. ஆய்வகத்தில் தான் சோதிக்கும் இலையின் அந்த வாடையை வருடக்கணக்காகச் சகித்தவள்தான் அவள். இங்கே குமட்டிக்கொண்டு வந்தது. சமையலறையில் அண்ணி அதே இலையை மிக்ஸியில் அரைத்துக்கொண்டிருந்தாள்.

"மாத்திரையை நிறுத்தி இருபது நாளாச்சு," என்றான் அண்ணன், ஏதோ பரிசு வாங்கியவனைப் போல. ரத்தப் புற்றுநோயைத் தினம் ஒரு மாத்திரையால் நாலு வருடம் கட்டிப்போட்டு வைத்திருந்தவன்.



அந்த இலைச்சாற்றை ஆல்கஹாலில் கரைத்துப் புற்றுநோய்ச் செல்கள்மேல் விடுவது அவள் வேலை. பக்கத்திலேயே ஒரு வரிசைக்கு இலை கலக்காத வெறும் ஆல்கஹால். அந்த வரிசை பிழைத்தால்தான் கொன்றது இலை என்று சொல்ல முடியும். மூன்று வாரத்துக்கு முன் ஒரு நாள் கை தவறி ஆல்கஹாலைத் தூக்கலாக விட்டுவிட்டாள். இரண்டு வரிசையும் பூண்டோடு அழிந்தன. ஒளிக்காமல் ஆய்வகத் தலைவரிடம் போய்ச் சொன்னாள்.

"வெறும் ஆல்கஹால் வரிசையை அட்டவணையில இருந்து எடுத்துடும்மா," என்றார் அவர். "நித்தியகல்யாணியில இருந்து மருந்து வரலையா? இதுவும் செடிதானே!"

"அதுக்கு எத்தனை வருஷம் சோதிச்சாங்க, சார்!"

"நாமளும் சோதிப்போம். இப்போ பேப்பர்காரங்க வெளியில நிக்கிறாங்க." பல்லில் ஒட்டிய பிஸ்கட்டை நாக்கால் துழாவிக்கொண்டே சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அந்த வரிசையை எடுத்துவிட்டாள்.

இப்போது அண்ணனிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். "இலை ஒண்ணையும் கொல்லலண்ணா, கொன்னது நான் கூடுதலா ஊத்துன ஆல்கஹால். மாத்திரையைப் போடு. இன்னைக்கே டாக்டர்கிட்ட போவோம்."

மிக்ஸி நின்றது. அண்ணன் எழுந்து போய், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த 'புற்றுநோயைக் கொல்லும் இலை' என்ற மூன்று வாரப் பழைய செய்தித்தாள் துண்டைப் பிய்த்து வந்தான்.

"கண்டவன் சொன்னான்னு நிறுத்த நான் என்ன முட்டாளா? படத்துல உங்க ஆய்வகத் தலைவர் பக்கத்துல நீ நின்னு சிரிக்கிறே. அதைப் பார்த்துத்தான் நிறுத்துனேன்."

சிரிப்பு பளிச்சென்றுதான் இருந்தது. தன் முகத்திலேயே காறித் துப்பலாம் போல இருந்தது அவளுக்கு. அழுதுகொண்டே, அவன் ஒதுக்கிவைத்திருந்த அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிரித்து நீட்டினாள்.

அண்ணன் வாங்கவில்லை.

"அன்னைக்கு இந்த இலைக்குச் சிரிச்சே. இன்னைக்கு மாத்திரைக்கு அழறே. ரெண்டுல எது பொய்னு நான் எப்படிம்மா கண்டுபிடிக்கிறது?"