ஏழு பத்துக்கு ஸ்டார்ட் ஆகும் வண்டி

1

இந்தக் கதை என் மண்டையில் உதித்தது அல்ல. என் காரில் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் சின்னத் திரையில் வந்தது. 'மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தொலைவிலிருந்து இயக்கும் வசதி, இருக்கையைச் சூடேற்றும் வசதி ஆகியவற்றின் மூன்றாண்டு இலவசக் காலம் நிறைவடைந்தது. தொடர்ந்து அனுபவிக்கச் சந்தா செலுத்துங்கள்.' ஆஸ்பத்திரிச் சீட்டின் பின்பக்கத்தில் இதை அப்படியே எழுதிக்கொண்டேன். மதிப்பிற்குரிய என்று ஆரம்பிக்கிறவன் உங்கள் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுகிறான். என் அனுபவம் அது.

பிறகு கதையைத் தொடங்கிப் பார்த்தேன்.

குளிர்கால விடியலில் ஒரு முதியவர் தன்னந்தனியாக

(விட்டுவிட்டேன். முதியவர், தன்னந்தனி என்று இரண்டு சொல் சேர்ந்தால் போதும், படிக்கிறவர்கள் உடனே உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அது பிடிக்காது.)

அந்தக் கார் வெறும் கார் அல்ல, அது ஒரு

(இதையும் விட்டேன். ஒரு என்ன? கார் கார்தான்.)

நான் ஆட்டோ எலக்ட்ரீசியன்.

இது பொய் இல்லை. இதிலிருந்து போகலாம்.

2

நாற்பத்தொரு வருடம் வண்டிகளின் டேஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தவன் நான். சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுற்றிவிடுகிற மோட்டார் இருக்கிறதே, அதை எங்கள் தொழிலில் செல்ஃப் என்போம். செல்ஃப் அடிக்கிற சத்தத்தை வைத்தே பேட்டரி செத்ததா, கார்பன் தேய்ந்ததா, ஓட்டுகிறவன் அவசரக்காரனா என்று சொல்லிவிடுவேன். படித்தது ஐந்தாவது வரை. மீதியெல்லாம், வண்டி விட்டவன் திரும்பி வரும்வரை பட்டறையில் உட்கார்ந்து வாசித்தது. எழுத ஆரம்பித்தது தோள்பட்டை போன பிறகு. வலது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. எழுதுவதற்குத் தூக்க வேண்டியதில்லை.

கதை நடுவே ஒரு விஷயம். இதைச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தக் காரின் இருக்கையை நான் பிரித்துப் பார்த்தேன். உள்ளே சூடேற்றும் கம்பி இருக்கிறது, பின்னிவைத்த மாதிரி அழகாக. கம்பி என்னுடையது. அதற்குப் போகிற பேட்டரி என்னுடையது. அதன்மேல் உட்காருகிற இடமும் என்னுடையது. சூடு மட்டும் கம்பெனிக்காரனுடையதாம். மாதாமாதம் வாடகை கட்டினால் திறந்துவிடுவானாம். என் பட்டறையில் ஒருவனுக்கு ஹாரன் மாட்டிக் கொடுத்துவிட்டு, அவன் அடிக்கும்போதெல்லாம் காசு கேட்டிருந்தால் என்னை என்ன செய்திருப்பார்கள்? இப்போது அதற்கு 'வசதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சரி. கோபம் கதைக்கு ஆகாது. மேலே போகிறேன்.

3

காரை வாங்கியது என் மகன்.

(இந்த வாக்கியத்தை எழுத மூன்று நாள் ஆனது. 'கிழவருக்கு ஒரு மகன் இருந்தான்' என்று எழுதிப் பார்த்தேன். 'கிழவருக்கு' என்று எழுதினால் வேறு எவனோ ஒருவன் மேல் பழியைப் போட்டுவிடலாம். அடித்துவிட்டேன்.)

அவன் இருப்பது விமானத்தில் ஒன்பது மணி நேரத் தூரத்தில். அவன் அம்மா இறந்த அன்று, 'வந்துகொண்டே இருக்கிறேன், மூன்று மணிக்குள் வந்துவிடுவேன், எடுத்துவிடாதீர்கள்' என்று சொல்லி அனுப்பினான். நான் பதினொரு மணிக்கே எல்லாவற்றையும் முடித்துவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். அவள் அப்படிக் கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவ்வளவுதான். விமானம் தாமதமாகும், இவன் எங்கே வரப்போகிறான் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன். நான் யாரையும் நம்புகிறவன் இல்லை. அவன் சொன்னபடி மூன்றுக்கு முன்பே வந்தான். பெட்டியோடு வாசலில் நின்றான். உள்ளே பார்த்தான்.

ஒன்பதாம் நாள் இந்தக் காரை வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்கு முன்னால் நிறுத்தினான். இவருக்குத் தோள் முடியாது, குளிரில் பேருந்துக்கு நிற்க வேண்டாம் என்று கம்பெனி ஆளிடம் சொன்னான். என்னிடம் இல்லை. அந்த ஆள்தான் எனக்கு எடுத்துச் சொன்னார். மகன் அங்கிருந்தபடியே போனில் தொட்டால் இங்கே இன்ஜின் ஓடும், உள்ளே சூடாகும், பத்து நிமிடத்தில் யாரும் சாவியைத் திருப்பாவிட்டால் தானாக நின்றுவிடும். கதவைத் திறந்தால் அவன் போனுக்குச் செய்தி போகும். அன்று மாலையே மகன் கிளம்பிவிட்டான்.

மறுநாள் காலையில் வண்டி தானாக ஸ்டார்ட் ஆனது.

அதற்கடுத்த நாளும். அதற்கடுத்த நாளும்.

முதலில் எட்டரைக்கு. பிறகு ஏழு பத்துக்கு. நான் அடுப்படியில் காப்பி டம்ளரோடு நிற்பேன். செல்ஃப் அடிக்கும். எழுந்துவிட்டான் என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் ஏழு பதிமூன்று ஆகும். உடம்பு சரியில்லையோ, ராத்திரி வேலை அதிகமோ என்று யோசிப்பேன். தோள்பட்டைப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போவது வாரத்துக்கு மூன்று நாள்தான். மற்ற நாட்களில் எனக்குப் போக இடம் கிடையாது. இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கதவை இரண்டு தடவை திறந்து மூடுவேன். அவனுக்கு இரண்டு செய்தி போகும். அதுதான் என் பதில். பிறகு உள்ளே உட்கார்ந்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை பத்து நிமிடம் இருந்துவிட்டு வருவேன்.

மூன்று வருடம் நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டோம். எங்கள் குடும்பத்தில் இது அதிகம்.

4

அந்தத் திங்கட்கிழமை ஏழு பத்துக்குச் சத்தம் வரவில்லை.

ஏழரை வரை நின்றேன். காப்பி ஆறிவிட்டது. காரின் கண்ணாடி முழுக்கப் பனி உறைந்திருந்தது. உள்ளே போய்ச் சாவியைத் திருப்பினேன். செல்ஃப் சுத்தமாக அடித்தது, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அப்போதுதான் அந்த மதிப்பிற்குரிய செய்தி.

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். தினமும் என் கூத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர். வெளியே வந்து, இன்று கார் உங்களுக்கு வணக்கம் சொல்லவில்லையா என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். சந்தாதானே, கட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே என்றார்.

"யோவ், கட்டினா என்னய்யா ஆகும்? பட்டன் என் போனுக்கு வந்துடும். என் வண்டிய நானே அடுப்படியில நின்னு ஸ்டார்ட் பண்ணிட்டு, நானே போய்க் கதவத் திறக்கணுமா?"

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பிறகு தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அவன் டைம் செட் பண்ணி வெச்சிருப்பான். ஆள் யாரும் அமுக்கியிருக்க மாட்டாங்க."

நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

(இங்கே ஒரு வேறு வழி இருக்கிறது. ஒரு ரிலே, கொஞ்சம் ஒயர், ஒரு டைமர் போதும். கம்பெனிக்காரனுக்குத் தெரியாமல் அந்த வண்டியை ஏழு பத்துக்கு நானே ஓடவைக்க முடியும். அரை நாள் வேலை. எழுதினால் நல்ல கதை, கிழவன் கம்பெனியை ஜெயிக்கிற கதை. சாமான்களை எடுத்து மேஜையில் பரப்பியும் வைத்தேன். ஜெயித்து யாருக்குக் காட்ட? எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.)

5

கம்பெனிக்குப் போன் செய்தேன். எண்ணை அமுக்கு, இன்னொரு எண்ணை அமுக்கு என்று இருபது நிமிடம் அலைக்கழித்த பிறகு ஒரு பெண் வந்தாள். குரலில் களைப்பு. கணக்கு மகன் பெயரில் இருப்பதால் எதையும் சொல்ல முடியாது என்றாள். நான் அந்த வண்டியைப் பயன்படுத்துகிற ஆள், என் பெயரும் அதில் இருக்கிறது என்றேன். பார்த்துவிட்டு, ஆமாம், இரண்டாவது ஓட்டுநர் என்று போட்டிருக்கிறது, வண்டியின் பதிவை மட்டும் சொல்லலாம் என்றாள்.

தினமும் ஏழு பத்துக்கு யார் ஸ்டார்ட் செய்தது என்று கேட்டேன்.

"தினமும் நான் அமுக்குறேன்னு உங்க பையன் கையாலதான் சார் பண்ணியிருக்கார். ஆயிரம் தடவைக்கு மேல."

(பொய். இந்த வரியை நான் எழுதினேன். அவள் இப்படிச் சொல்லவில்லை. வாக்கியமே கோணலாக இருக்கிறது பாருங்கள். அடிக்காமல் விட்டுவைத்திருக்கிறேன், நான் எதைக் கேட்க ஆசைப்பட்டேன் என்று உங்களுக்குத் தெரியட்டும்.)

அவள் சொன்னது இது:

"இது ஷெட்யூல் சார். டெலிவரி எடுத்த அன்னிக்கே போட்டது. அதுவா ஆன் ஆகும்."

"ஏழு பதிமூணுக்கு ஆனது?"

"நெட்வொர்க் ஸ்லோவா இருந்திருக்கும் சார்."

"உடம்பு சரியில்லாம இல்ல?"

"யாருக்கு சார்?"

போனை வைத்துவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, அவளாகவே இன்னொன்று சொன்னாள்.

"நடுவுல ஒரு தடவ மட்டும் டைம மாத்தியிருக்காங்கய்யா. எட்டரைய ஏழு பத்து ஆக்கியிருக்காங்க. அது கையால பண்ணதுதான்."

சாரிலிருந்து ஐயாவுக்கு மாறிவிட்டாள். எனக்குப் பிடிக்கவில்லை, உச்சுக்கொட்டுகிற ஐயா அது. ஆனால் தேதியைக் கேட்டுக்கொண்டேன். என் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பயிற்சி நேரத்தைக் காலை எட்டுக்கு மாற்றிய மறுநாள் அது. நான் அவனிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சேரும்போது எழுதிக் கொடுத்த படிவத்தில் 'நெருங்கிய உறவினர்' என்ற இடத்தில் அவன் எண்ணைப் போட்டிருந்தேன். போட வேறு எண் என்னிடம் இல்லை. அவர்கள் அவனுக்குச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும். அவன் படித்திருக்க வேண்டும். படித்துவிட்டு, வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம், கண்ணாடியில் பனி உருக எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

மூன்று வருடத்தில் ஒரு தடவை. இது அதிகமா குறைவா, எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

6

நான் சந்தா கட்டுவதென்றால் பட்டன் என் போனுக்கு மாற வேண்டுமாம், அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது என்றாள் அந்தப் பெண். கணக்குக்கு உரியவர் வண்டியை விட்டுக்கொடுக்க வேண்டும். கம்பெனி அவன் போனுக்கு ஒரு கேள்வி அனுப்பும்: 'இந்த வாகனத்தை விடுவிக்கிறீர்களா?' கீழே ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஏழு நாள் கெடு. அனுப்பட்டுமா என்று கேட்டாள்.

அனுப்பு என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொன்னேன், அவள் சொன்ன அந்த 'ஐயா'வின் மேல் இருந்த கோபம். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. மூன்று வருடம் கழித்து நான் அவனிடம் கேட்கிற முதல் கேள்வி, அதுவும் கம்பெனிக்காரன் பேச்சில்: என்னை விடுகிறாயா?

இன்று ஆறாம் நாள்.

மூன்று முடிவு எழுதிவைத்திருக்கிறேன்.

முதலாவது. அவன் 'ஆம்' அமுக்குகிறான். நான் சந்தா கட்டுகிறேன். வண்டி ஸ்டார்ட் ஆகிறது. கதவைத் திறந்தால் என் சட்டைப் பையிலேயே போன் கிணுகிணுக்கிறது. (கேட்டது கிடைத்துவிட்டது. இதைவிட மோசமான முடிவு எனக்குத் தோன்றவில்லை.)

இரண்டாவது. 'இல்லை' அமுக்குகிறான், அவனே சந்தாவும் கட்டுகிறான், மறுநாள் ஏழு பத்துக்கு. (நன்றாக இருக்கிறது, அதனால்தான் நம்ப மாட்டேன். தவிர, இனி செல்ஃப் அடித்தால் எனக்கு என்ன கேட்கும்? ஷெட்யூல் என்ற சொல்தான் கேட்கும்.)

மூன்றாவது. அவன் எதையும் அமுக்கவில்லை. ஏழு நாள் முடிந்து

(இதை முடிக்க என்னால் ஆகவில்லை.)

7

நான்காவது ஒன்று உண்டு. தபால்காரர் நேற்றுச் சொன்னது. இரண்டு நாள் பேசாமல் இருந்ததற்கு அவர் என்னிடம் கணக்குக் கேட்கவில்லை. என் எழுத்தை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகு கேட்டார்:

"கம்பெனிக்காரிக்கு இருபது நிமிஷம் போன் போட்டீங்களே. பையனுக்கு எத்தன நிமிஷம் போட்டீங்க?"

பதினொரு மணிக்கு ஏன் முடித்தேன் என்று அவன் இதுவரை கேட்டதில்லை. போன் செய்தால் கேட்பான். அதற்குப் பயந்துதான் இத்தனை வருடம் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். காருக்குப் பதில் சொல்வது சுலபம். கார் ஏன் என்று கேட்காது.

ராத்திரி உட்கார்ந்து அந்தப் பேச்சை எழுதப் பார்த்தேன். என்னுடைய வரிகள் வந்தன. 'உன்னை நம்பாமல் போய்விட்டேன்' என்பது முதல் வரி. அதற்கு அவன் சொல்ல வேண்டியது வரவில்லை. அப்போதுதான் கவனித்தேன். கம்பெனிப் பெண்ணோடு ஒரு தடவை பேசியதற்கே அவள் பேச்சை எழுத முடிகிறது. தபால்காரரை எழுத முடிகிறது. காரின் திரைகூட இந்தக் கதையில் பேசிவிட்டது. இத்தனை பக்கத்தில் என் மகன் மட்டும் என்னோடு நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் எப்படிப் பேசுவான் என்பது எனக்கு மறந்துவிட்டது. இழுத்துப் பேசுவானா, வெடுக்கென்று பேசுவானா? என்னை அப்பா என்று ஆரம்பிப்பானா, ஒன்றும் சொல்லாமல் ஆரம்பிப்பானா?

இப்போது காலை பத்து மணி. அங்கே என்ன மணி என்று தபால்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், விழித்திருக்கிற நேரம்தான். பேனாவை மூடிவிட்டுப் போனை எடுக்கிறேன். இரண்டையும் ஒரே கையால்தான் செய்ய வேண்டும், அதனால் இதற்கு மேல் எழுத முடியாது.

அவன் எடுத்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வரி அவனுடையது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும். உங்களுக்கு ஒரு மகன் இருப்பான், அல்லது நீங்களே ஒருவருக்கு மகனாக இருப்பீர்கள், உங்களுக்குத் தெரியும். அன்பாக எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. திட்டட்டும். ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்கட்டும். எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதுங்கள்.

நீளமாக மட்டும் எழுதுங்கள்.