பலகையின் மூன்றாவது வரிசை

கார்டுக்குத் தன் சகலையின் மேல் பொறாமை என்று சொன்னால் அது குறைத்துச் சொல்வது. காலையில் பல் தேய்க்கும்போதே அவருக்கு அது ஆரம்பித்துவிடும். அதே மாடியில் எதிர்வீட்டில் சகலை புதிதாக மாட்டிய வெந்நீர் ஹீட்டரின் இரைச்சல் சுவரைத் தாண்டி இவர் குளியலறைக்கு வரும். வாயில் நுரையோடு நின்று, "வெடிச்சுத் தொலையட்டும்" என்பார். பிறகு வாயைக் கொப்பளித்துவிட்டு, காபி குடிக்க உட்காருவார். இது தினப்படி வழக்கம்.

அவர் முப்பத்தாறு வருடம் சரக்கு ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் கார்டு என்றே கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பெயர் பென்ஷன் புத்தகத்தில் மட்டும்தான் மிச்சம். அந்நிய நாட்டில் இருக்கும் இந்த ஊருக்கு முதலில் குடிவந்தவர் அவர்தான். அப்போது நம் பணத்துக்கு இங்கே ராஜ மரியாதை. "நூறு குடுத்தா ஐம்பத்தெட்டு எண்ணி வைக்கிறான் சகலை! நம்ம பென்ஷனுக்கு ஜம்முனு இருக்கலாம்" என்று போனில் சொல்லிச் சொல்லி, மனைவியின் தங்கையையும் தங்கை புருஷனையும் எதிர்வீட்டுக்கே வரவழைத்தவரும் அவர்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதாக இப்போது அதைச் சொல்கிறார்.

சகலை கப்பலில் என்ஜின் பார்த்தவர். வேலை பார்த்தது வேறொரு நாட்டுக் கம்பெனி என்பதால் அவருக்குப் பென்ஷன் வருவது அந்த நாட்டுப் பணத்தில். அன்றைக்கு அது சோப்ளாங்கிப் பணம். நான்கு பேரும் ஹோட்டலுக்குப் போனால் பில் வந்ததும் சகலையின் கை சட்டைப்பைக்குப் போகும். கார்டு அதைத் தடுத்து, "இருக்கட்டும் சகலை, நீங்க எடுக்காதீங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தில் அவருக்கு இருந்த ருசி சாப்பாட்டில்கூட இருந்ததில்லை.

அந்த ருசிதான் போய்விட்டது. பென்ஷன் குறையவில்லை, அதே தொகை மாதம் தவறாமல் விழுந்தது. ஆனால் ஐம்பத்தெட்டு ஐம்பதாகி, நாற்பத்தைந்தாகி, முப்பத்தொன்பதில் வந்து நின்றது. அவர் ஒரு செலவும் கூட்டாமல், ஒரு தப்பும் செய்யாமல், உட்கார்ந்த இடத்திலேயே ஏழையாகிக்கொண்டிருந்தார். அதே சமயம் சகலையின் பணம் வரிசையாகப் படி ஏறியது. எதிர்வீட்டுக்குப் புது சோபா வந்தது, புது வாஷிங் மெஷின் வந்தது. பழைய வாஷிங் மெஷின் இவர் வீட்டுக்கு வந்தது. மனைவி அதை வாயெல்லாம் பல்லாக வாங்கி வைத்துக்கொண்டாள். அதில் துவைத்த சட்டையைப் போடும்போதெல்லாம் கார்டுக்கு உடம்பு அரித்தது. ஹோட்டலில் இப்போது சகலைதான், "இருக்கட்டும் அண்ணே" என்றார். வேறு வார்த்தை கிடைக்கவில்லையா அந்த மனுஷனுக்கு!

இரண்டு வருடத்துக்கு முன்னால், ரேட் ஐம்பதில் இருந்தபோது, சகலை ஒரு யோசனை சொன்னார். "அண்ணே, ஒரு வருஷச் செலவுக்கு இப்பவே மாத்தி இங்க பேங்க்ல போட்டுடுங்க. பின்னாடி ரேட் விழுந்தாலும் பர்மிட்டுக்கு அது போதும்." அருமையான யோசனை. அதனாலேயே கார்டு அதைச் செய்யவில்லை. நான் கூட்டிக்கொண்டு வந்த ஆள் எனக்குப் புத்தி சொல்வதா?

பர்மிட் என்பது ஓய்வுபெற்ற வெளிநாட்டுக்காரர்கள் இங்கே தங்க வாங்கும் அனுமதி. மாத வருமானம் உள்ளூர்ப் பணத்தில் இவ்வளவு இருந்தால்தான், இல்லை ஒரு வருடச் செலவுக்கான பணம் இங்கே பேங்கில் கிடந்தால்தான் புதுப்பிப்பார்கள். விண்ணப்பம் கொடுக்கும் அன்றைய ரேட்தான் கணக்கு. பர்மிட் முடியும் மாதத்தில் எந்த நாளும் கொடுக்கலாம். கவுன்ட்டர் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. புதுப்பிக்க முடியாவிட்டால் அறுபது நாளில் பெட்டி கட்ட வேண்டியதுதான். கார்டு போட்ட கணக்குப்படி, ரேட் நாற்பத்தொன்று இருந்தால் தேறுவார். முப்பத்தொன்பதில் தேற மாட்டார்.

பெட்டி கட்டி எங்கே போவது? ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டுத்தான் வந்தார். அதைவிடப் பெரிய சங்கடம் மனைவி. அக்காளும் தங்கையும் கல்யாணமான நாளிலிருந்து ஆளுக்கொரு மூலையில் இருந்து, அறுபது வயதுக்கு மேல்தான் கதவுக்கு எதிர்க்கதவாக வாழ ஆரம்பித்திருக்கிறார்கள். "நீங்க வேணா போங்க. நான் தங்கச்சியோட இருந்துக்கறேன்" என்று மனைவி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று முழுக்க அவள் கண் சிரிக்கவில்லை.

பர்மிட் முடியும் மாதத்தின் முதல் நாளே அவர் ஆபீசில் போய் விசாரித்தார். கவுன்ட்டரில் இருந்த பெண் கணக்குப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "உறவுக்காரர் யாராவது இங்கே இருக்கிறார்களா? அவருடைய வருமானம் போதுமானதாக இருந்தால் அவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடலாம்."

"அப்படி யாரும் இல்லைங்க" என்றார் கார்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அன்றிலிருந்து தினமும் காலை எட்டே முக்காலுக்கு, தெருமுனையில் இருந்த பணம் மாற்றும் கடையின் முன்னால் போய் நிற்பார். போனில் பார்க்கலாம்தான். ஆனால் ஆயுள் முழுக்க ஸ்டேஷன் பலகையையும் சிக்னலையும் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பலகையில் வந்தால்தான் நிஜம். ஷட்டர் ஏறும். கடைக்காரர் ஏணி போட்டு எண்களை மாற்றுவார். முதல் வரிசை நம் பணம். மூன்றாவது வரிசை சகலையின் பணம். முதல் வரிசையைப் பார்த்து ஒரு பெருமூச்சு, மூன்றாவது வரிசையைப் பார்த்து ஒரு முணுமுணுப்பு. "இறங்கு, சனியனே, இறங்கு."

பதினெட்டாம் நாள் காலை பலகை பேசியது. முதல் வரிசையில் நாற்பத்தொன்றரை! கார்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். நாற்பத்தொன்றரையேதான். அடுத்து மூன்றாவது வரிசைக்குக் கண் போனது. அங்கே நேற்று இருநூற்றுப் பத்து இருந்தது, இன்று நூற்றுத் தொண்ணூற்றெட்டு. ஒரே ராத்திரியில் குப்புற விழுந்திருந்தது.

அந்த நிமிடமே அவர் பஸ் ஏறியிருக்க வேண்டும். காகிதங்கள் எல்லாம் கைப்பையிலேயே இருந்தன. பர்மிட் ஆபீசுக்கு நாற்பது நிமிடப் பயணம். ஆனால் உச்சி குளிர்ந்துபோய் நின்றவருக்கு வேறு ஆசை வந்துவிட்டது. சகலையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். அந்த முகம் தொங்குவதைக் கண்ணாரக் கண்டு, ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும். மணி ஒன்பதேகால்தானே?

சகலை வீட்டில் இல்லை. "வாக்கிங் போயிருக்காரு அத்தான், உக்காருங்க, வந்துடுவாரு" என்றாள் மச்சினி. புது சோபாவில் உட்கார்ந்தார். சோபா அவரை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. காபி வந்தது. ஆறுதல் வாக்கியங்களை மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். 'ஏற்ற இறக்கம் சகஜம்தானே சகலை. மனசைத் தளர விடாதீங்க.' நன்றாக இருந்தது. இரண்டாவது காபியும் வந்தது. மணி பத்தரை ஆனது, பதினொன்றும் ஆனது. முகம் பார்க்காமல் எழுந்து போக மனம் வரவில்லை.

பதினொன்று ஐந்துக்குச் சகலை வியர்க்க விறுவிறுக்க உள்ளே நுழைந்தார். கார்டைப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"அண்ணே! நீங்க இங்கயா இருக்கீங்க? உங்களைத் தேடி நான் ஊரெல்லாம் சுத்திட்டு வர்றேன். பார்க், லைப்ரரி, ஒரு இடம் விடலை. போன் எங்க?"

"வீட்ல சார்ஜ்ல இருக்கு. என்ன சகலை, மூணாவது வரிசை இப்படி விழுந்து..."

"அது கெடக்கட்டும்ணே! நாப்பத்தொண்ணரை! பார்த்தீங்களா இல்லையா? கவுன்ட்டர் பன்னெண்டுக்கு மூடிடுவான். எழுந்திருங்க!"

நாற்பத்தொன்று வேண்டும் என்று இவரிடம் யார் சொன்னது? மனைவிதான் தங்கையிடம் அழுதிருக்கிறாள், தங்கை இவரிடம் சொல்லியிருக்கிறாள். தன் பணம் சரிந்த நாளில் இந்த மனுஷன் முதல் வரிசையைப் பார்த்துவிட்டு ஓடி அலைந்திருக்கிறார். கார்டுக்கு நன்றி வரவில்லை. வயிறுதான் இன்னும் அதிகமாக எரிந்தது. நல்லவனாக இருப்பதிலும் இவரே முந்திக்கொண்டாரே!

இருவரும் டாக்சியில் பறந்தார்கள். வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று வழியை அடைத்துக்கொண்டிருந்தது. ஆபீஸ் படியேறும்போது மணி பன்னிரண்டு நான்கு. கவுன்ட்டர் கண்ணாடி மூடியிருந்தது. முப்பத்தாறு வருடத்தில் தன் கவனக்குறைவால் ஒரு வண்டியையும் ஒரு நிமிடம்கூடத் தாமதமாக விடாதவர், தன் வண்டியைத் தானே கோட்டைவிட்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அவரை அடையாளம் கண்டு, பரிதாபப்பட்டுக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். "இன்றைக்கு முடியாது ஐயா. நாளைக்கு இதே ரேட் இருந்தால் வாங்க."

சகலை அதற்குள் சுவரில் ஒட்டியிருந்த விதிமுறைத் தாளைப் படித்துவிட்டார். "அண்ணே, இங்க பாருங்க! உறவுக்காரங்க பொறுப்பெடுத்துக் கையெழுத்து போட்டா போதுமாம். இது தெரியாம போச்சே நமக்கு!"

"இவரிடம் முதல் நாளே சொன்னேனே" என்றாள் அந்தப் பெண். "உறவுக்காரர் யாருமே இல்லை என்றாரே? நீங்கள் யார்?"

கார்டின் முகத்தில் ஈயாடவில்லை. சகலை அவரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு அந்தப் பெண்ணிடம், "இவரோட மனைவியும் என் மனைவியும் கூடப்பிறந்தவங்க. வயசாகுதுல்ல, மறந்திருப்பாரு" என்று சொல்லித் தன் பென்ஷன் சீட்டை போனில் திறந்து நீட்டினார்.

அவள் தட்டிப் பார்த்தாள். நான்கு பேரைத் தாங்க வேண்டிய வருமானம். உதட்டைப் பிதுக்கினாள். "நேற்று வந்திருந்தால் முடிந்திருக்கும். இன்றைய ரேட்டில் கொஞ்சம் குறைகிறது. உங்கள் பணம் இருநூற்று நான்கைத் தொட்டால் வாருங்கள்."

காலையில் எதைப் பார்த்து உச்சி குளிர்ந்ததோ அதுவே இப்போது தலையில் இடியாக இறங்கியது. வரும் வழியில் சகலை திட்டியிருந்தால் கார்டுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். மாடிப்படி ஏறும்போதுதான், "நான் போடற கையெழுத்து வேணாம்னா, வேணாம்னு சொல்லியிருக்கலாம்ணே. ஆளே இல்லைன்னு சொல்லணுமா?" என்றார். அன்று ராத்திரி மனைவி அலமாரிக்கு மேல் இருந்த பெட்டிகளை எடுத்துத் தூசி தட்டி, சத்தமில்லாமல் கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

மறுநாள் முதல் வரிசை மறுபடி முப்பத்தொன்பதுக்கு வந்து படுத்துக்கொண்டது. அது இனி எழாது என்று கார்டுக்குத் தெரிந்துவிட்டது. மிச்சம் பன்னிரண்டு நாள். அவர் பழையபடி எட்டே முக்காலுக்குப் போய் நின்றார். ஆனால் இப்போது அவர் கண் நேராக மூன்றாவது வரிசைக்குப் போனது. இருநூறு. நூற்றுத் தொண்ணூற்றொன்பது. இருநூற்று இரண்டு. இறங்கு சனியனே என்று ஏசிய அதே வாய், "ஏறு, கண்ணு, ஏறு" என்று கெஞ்சியது. கடைக்காரர் ஏணியில் ஏறினால் இவருக்கு மூச்சு நின்றது. சகலைக்கு ஏறினால்தான் தனக்கு இருப்பு. இந்த அவமானம் எந்த எதிரிக்கும் வரக்கூடாது.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது மூன்றாவது வரிசை இருநூற்று ஆறைத் தொட்டது. கார்டு எங்கும் உட்காரவில்லை. மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறி, எதிர்வீட்டுக் கதவை இடித்தார். "சகலை! ஏறிடுச்சு! உங்க பணம் ஏறிடுச்சு!" என்று கத்தி, லுங்கியோடு வந்து நின்ற மனுஷனைக் கட்டிக்கொண்டார். அது நடிப்பில்லை. அந்த நிமிடம் அவருக்கு உலகத்திலேயே பிடித்த பணம் அதுதான்.

பத்து மணிக்குள் சகலை கையெழுத்துப் போட்டார். 'பொறுப்பேற்பவர்' என்ற கட்டத்தில் அவர் பெயர். 'சார்ந்திருப்பவர்' என்ற கட்டத்தில் கார்டின் பெயர், பென்ஷன் புத்தகத்துக்கு வெளியே ரொம்ப நாளைக்குப் பிறகு. அந்தப் பெண் முத்திரை குத்தி நீட்டினாள். "ஒரு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இவருடைய வருமானத்தைச் சரிபார்ப்போம். குறைந்தால் உங்கள் பர்மிட் போய்விடும்."

வீடு திரும்பும்போது சகலை கடைப் பலகையின் முன்னால் நின்றார். "இன்னும் ஏறும் போலிருக்குண்ணே. பால்கனிக்குக் கண்ணாடி போடலாமான்னு இவ ரொம்ப நாளா கேக்கறா."

கார்டின் வயிற்றில் பழைய நெருப்பு உடனே பற்றிக்கொண்டது. "போடுங்களேன்" என்றார்.

பெட்டிகள் திரும்ப அலமாரிக்கு மேல் ஏறின. அன்று சாயங்காலம் முழுக்க அக்காளும் தங்கையும் கதவுக்குக் கதவு நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை கார்டு பல் தேய்க்கப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் ஹீட்டர் இரைந்தது. வெடிச்சுத் தொலையட்டும் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை நுரையோடு சேர்த்துத் துப்பினார். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தார்.

"நல்லா இருக்கட்டும்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. அவர் ஆயுளில் இவ்வளவு மனதார, இவ்வளவு எரிச்சலோடு யாரையும் வாழ்த்தியதில்லை.